கேட் பாஸ்

அன்பு வாசகர்களுக்கு,

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஆடி பிறந்திருக்கும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல், பணகுடிப் பக்கத்து வாசகர்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் காயப்போட்ட துணியை அடுத்த தெருவில் போய்ப் பொறுக்கிக்கொண்டிருப்பீர்கள். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை வீசும் இந்தக் காற்று நம் மின்சாரத்துக்கு ஒரு போகம் மாதிரி. அதை நம்பித்தான் கோடையைத் தாண்டுகிறோம்.

போன இதழுக்கு முந்தைய இதழில் சூரிய மின்சாரம் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று வெளியிட்டிருந்தோம். நிறையப் பேர் பாராட்டி எழுதினீர்கள். அந்தக் கடிதக் கட்டில் ஒன்று மட்டும் இன்னும் என் தோள்பையிலேயே இருக்கிறது. நீல நிற இன்லேண்ட், உருட்டி உருட்டி எழுதிய கையெழுத்து. எழுதியவர் ஓர் அனல்மின் நிலையத்தில் 22 ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். "கட்டுரையில் எத்தனை மெகாவாட், எத்தனை ஏக்கர், எத்தனை கோடி என்று எல்லாம் இருந்தது. எத்தனை ஆள் என்பது மட்டும் இல்லை" என்று எழுதியிருந்தார். குறை என்று அவர் சொன்னது அதை மட்டும்தான். மற்றபடி கட்டுரை நன்றாக இருந்ததாகவும் மகளுக்குப் படித்துக் காட்டியதாகவும் சொல்லியிருந்தார்.

இதழை எடுத்துப் பார்த்தேன். எட்டுப் பக்கம். ஒரு தொழிலாளி கூட இல்லை.

அவரைப் பார்க்கப் போனேன். ஊர், நிலையம், பெயர் எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இன்னும் அந்த வட்டாரத்திலேயே வேலை தேட வேண்டியவர். நிலக்கரி வந்து இறங்கி, பெல்ட்டில் ஏறி, பங்கர் என்கிற சேமிப்புத் தொட்டிக்குப் போகிற பாதையில்தான் அவருக்கு வேலை. பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை மம்பட்டியால் அள்ளி மறுபடி மேலே போட வேண்டும். மழை பெய்தால் இன்னும் மோசம். நனைந்த கரி சேறு மாதிரி வழியில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். கடப்பாரையால் குத்திக் குத்தி இறக்க வேண்டும். "கரண்ட் கட்டானா ஊரே கேக்கும் சார். கட்டாகாம இருந்ததுக்கு யாரு காரணம்னு யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

பேசிக்கொண்டே இருந்தவர் எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே கேட் பாஸ் அட்டைகள். பாயில் வரிசையாகப் பரப்பினார். எண்ணினேன்: 14. ஒவ்வொரு முறை கான்ட்ராக்டர் மாறும்போதும் புது அட்டை, புது நம்பர், புதுச் சேர்க்கை. ஆள் அதே ஆள். நின்ற இடமும் அதே இடம். முதல் அட்டையில் கருகருவென்று முடி, அரும்பு மீசை. நடுவில் ஓர் அட்டையில் கண்ணாடி வந்துவிடுகிறது. கடைசி அட்டையில் தலை முழுக்க நரை. இருபத்திரண்டு வருடம் அந்தப் பாயில் இடமிருந்து வலமாக வயதாகிக் கிடந்தது. ஆனால் எந்தக் காகிதத்திலும் அவருக்கு 22 ஆண்டு சர்வீஸ் கிடையாது. ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என்று பதினான்கு துண்டுகள். சில துண்டுகளுக்கு வருங்கால வைப்பு நிதிக் கணக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை.

நிலையத்தை மூடினார்கள். பழைய இயந்திரங்கள், திறன் குறைவு, புகை அதிகம். மூடியது தவறென்று அவரே சொல்லவில்லை. நிரந்தர ஊழியர்களுக்கு வேறு நிலையங்களுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. இவருக்கு மேஸ்திரி வாயால் வந்த தகவல்தான்: நாளையிலிருந்து வர வேண்டாம். வழக்கமாக கான்ட்ராக்ட் முடிந்தால் கேட் பாஸைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களாம், அல்லது ரத்து முத்திரை குத்துவார்களாம். கடைசி அட்டையை யாரும் கேட்கவில்லை. கேட்டையே பூட்டிவிட்டார்கள்.

நாட்டின் பெரிய மாற்றத்தை இந்தப் பாயிலிருந்து பார்த்து எழுத வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் இந்தியா தந்த வாக்குறுதிகளில் இரண்டு முக்கியமானவை. 2030-க்குள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு சாராத மின் திறனை 500 ஜிகாவாட்டாக உயர்த்துவது ஒன்று. 2070-க்குள் நிகரக் கரிம வெளியீட்டைச் சுழியமாக்குவது இன்னொன்று. 2025 நடுவில் நாட்டின் மொத்த நிறுவுதிறனில் பாதி அத்தகைய மூலங்களைச் சேர்ந்ததாகிவிட்டது. பாதியை எட்டுவதற்குக் குறித்த காலத்துக்கு ஐந்து ஆண்டு முன்பே வந்த வெற்றி. திறனில் பாதி என்பதால் உற்பத்தியிலும் பாதி என்று எண்ணிவிடக் கூடாது. சூரியன் மாலையில் இறங்கிவிடும், காற்று ஐப்பசியில் அடங்கிவிடும். அதனால் நம் வீட்டு விளக்கில் எரிவதில் பெரும்பங்கு இன்றும் நிலக்கரி மின்சாரம்தான்.

இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். நிலக்கரியைப் பற்றி எனக்குப் பழைய காலத்து ஏக்கம் எதுவும் கிடையாது. 1975 டிசம்பர் 27-ஆம் தேதி தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 375 பேர் மேலே வரவில்லை. 2020 ஜூலை முதல் தேதி நெய்வேலியில் கொதிகலன் வெடித்து ஆறு பேர் அந்த இடத்திலேயே போனார்கள். அடுத்தடுத்த நாட்களில் மருத்துவமனையில் இன்னும் பலர் போனார்கள். மே மாதம்தான் அதே நிலையத்தில் ஒரு விபத்து நடந்திருந்தது. ஜரியாவில் நிலத்துக்கடியில் பற்றிய தீ நூறாண்டைத் தாண்டி இன்னும் எரிகிறது. இந்த வேலையிலிருந்து மனிதர்கள் விடுபட வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. விடுபட்டு எங்கே போவது என்பதுதான் இன்லேண்ட் கடிதத்தின் கேள்வி.

சூரியன் வந்ததால் நிலக்கரி வேலை போகிறது என்று ஒரு பேச்சு இருக்கிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1975-ல் தொடங்கிய கோல் இந்தியா நிறுவனத்தில் 1980-களில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். இன்று ஏறத்தாழ இரண்டேகால் லட்சம் பேர். இதே காலத்தில் அது வெட்டியெடுக்கும் நிலக்கரியோ பல மடங்கு பெருகி, 2024-25-ல் 78 கோடி டன்னைத் தொட்டது. ஆள் குறைந்ததற்குக் காரணம் வெயிலோ காற்றோ இல்லை. நிலத்தடிச் சுரங்கங்கள் போய்த் திறந்தவெளிச் சுரங்கங்கள் வந்தன. மம்பட்டியின் இடத்துக்குப் பெரிய இயந்திரங்கள் வந்தன. மண் நீக்குவதும் ஏற்றுவதும் கான்ட்ராக்டர்கள் கைக்குப் போயின. நிரந்தர வேலை போய் அட்டை வேலை வந்தது. சூரியத் தகடு வருவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்ட கதை இது.

என்றாலும், நிலக்கரித் தொழிலாளி தன் தொழிலிடமிருந்து சிலவற்றைப் போராடி வாங்கியிருக்கிறார். சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று தனி வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1948-லேயே வந்தது. நாடு முழுவதும் உள்ள நிலக்கரித் தொழிலாளர்களின் ஊதியத்தைத் தொழிற்சங்கங்களும் நிர்வாகமும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிற வழக்கம் அரை நூற்றாண்டாக இருக்கிறது. நெய்வேலியைப் பாருங்கள். முந்திரிக் காடாகக் கிடந்த பூமியில் 1956-ல் நிறுவனம் தொடங்கி, 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டு, சோவியத் உதவியோடு முதல் அனல்மின் நிலையம் எழுந்தது. கூடவே ஒரு நகரமும் எழுந்தது. வட்டம் வட்டமாகக் குடியிருப்பு, பள்ளிக்கூடம், மருத்துவமனை. புத்தகக் கண்காட்சி நடத்துகிற ஊராகவும் அது ஆனது. ஜூலையில் அங்கே கடை போடாத தமிழ்ப் பதிப்பாளர் குறைவு. ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்து புத்தகம் புரட்டுகிற கைகளை நான் அங்கேதான் பார்த்தேன். நிலம் கொடுத்த சுற்றுக் கிராமத்து மக்களின் குறைகள் தனிக்கதை, நியாயமான கதை. அதை மறந்து நான் இதைச் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு தொழிலைச் சுற்றி ஒரு வாழ்க்கை கட்டப்பட்டது.

அந்த முதல் அனல்மின் நிலையம் 2020-ல் நின்றது. அதே நிறுவனம் ராமநாதபுரம், விருதுநகர், திருநெல்வேலி மாவட்டங்களில் சூரியத் தகடுகளைப் பரப்பி, மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் முதலாவதாக 1 ஜிகாவாட் சூரிய மின் திறனைத் தாண்டியது. பாராட்ட வேண்டிய மாற்றம். ஆனால் தகட்டைச் சுற்றி ஒரு நெய்வேலி எழுவதில்லை. அதற்கு ஆள் தேவைப்படுவதில்லை என்பதுதான் காரணம்.

கமுதியை எடுத்துக்கொள்வோம். ராமநாதபுரம் மாவட்டத்தின் அந்தப் பக்கத்தில் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது பல குடும்பங்களின் பிழைப்பு. விறகை அடுக்கி, வைக்கோல் போட்டு, மண் பூசி, உள்ளே தீ வைத்து, புகையின் நிறத்தைப் பார்த்துப் பார்த்துக் காவல் இருந்து எடுக்கிற கரி. அந்தப் பூமியில் 2016-ல் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் தொடங்கியது. ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய நிலையங்களில் அப்போது அதுவும் ஒன்று. 25 லட்சம் தகடுகள். சுமார் 8,500 பேர் இரவு பகலாக உழைத்து எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள். எட்டு மாதம் கழித்து அந்த 8,500 பேரும் அடுத்த வேலை தேடி வண்டி ஏறினார்கள். தகடுகளில் படியும் புழுதியை அங்கே ரோபோக்கள் துடைக்கின்றன. அந்த ரோபோக்களும் சூரிய மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. பொறியியலாக இது அழகு, தண்ணீரும் மிச்சம். கரிமூட்டத்துக் குடும்பத்துக்கு இதில் எஞ்சியது என்ன என்று கேட்டால், வேலிக்கு வெளியே இருந்து பார்க்கலாம் என்பதுதான் பெரும்பாலும் பதில். ரோபோ இல்லாத நிலையங்களில் வெயில் ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் பெண்கள் குழாயும் தேய்ப்பானுமாகத் தகடு துடைக்கிறார்கள். அதுவும் அட்டை வேலைதான்.

காற்றாலைப் பக்கம் கொஞ்சம் வித்தியாசம். ஆரல்வாய்மொழி டீக்கடை ஒன்றில் ஒரு டெக்னீஷியன் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தேன். ஐடிஐ படித்தவர். அந்தப் பக்கத்து மக்கள் போலவே அவரும் காற்றாலையைக் காத்தாடி என்றுதான் சொல்கிறார். சீசன் வருமுன் எல்லா மராமத்தும் முடிந்துவிட வேண்டும். சீசனில் ஒரு காத்தாடி ஒரு மணி நேரம் நின்றால் உரிமையாளருக்கு நஷ்டம், உடனே போன் வரும். ஹார்னஸை மாட்டிக்கொண்டு கோபுரத்துக்குள் ஏணியில் ஏற வேண்டும். முக்கால் வழியில் தொடை நடுங்குமாம். பழக்கமானவர்களுக்கும் நடுங்குமாம். உச்சியில் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத அறை, எண்ணெய் வாடை, கீழே சிமெண்டுத் தரையில் நிற்பவன் எறும்பு. "மேல நின்னா கன்னியாகுமரி கடல் தெரியும்ணே. அது ஒண்ணுதான் போனஸ்" என்றார். சொல்லிவிட்டு உள்ளங்கையைக் காட்டினார். ஏணிக் கம்பி பட்டுப் பட்டு விரலடியில் காய்த்துப்போயிருந்தது. பழைய சிறிய காத்தாடிகளைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றை நிறுத்துகிற வேலை இப்போது தொடங்கியிருக்கிறது. மின்சாரம் கூடும், கோபுரங்கள் குறையும். கோபுரம் குறைந்தால் ஏறுகிற ஆளும் குறைவுதானே என்று அவர் கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

இதற்கு வழியே இல்லையா? மற்ற நாடுகளில் வழி தேடியிருக்கிறார்கள். மேற்கு ஜெர்மனியில் 1950-களின் பிற்பகுதியில் ஆறு லட்சம் பேர் கருநிலக்கரிச் சுரங்கங்களில் இருந்தார்கள். அந்தத் தொழில் படிப்படியாகச் சுருங்கியது. 2007-ல், இன்னும் பதினோரு ஆண்டில் முழுவதும் மூடுவதென்று அரசு, நிறுவனம், தொழிற்சங்கம் மூன்றும் உட்கார்ந்து தேதி குறித்தன. வயதானவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வூதியம், இளையவர்களுக்கு வேறு வேலைக்கான பயிற்சி. 2018 டிசம்பர் 21 அன்று பாட்ராப் நகரத்தில் கடைசிச் சுரங்கத்திலிருந்து எடுத்த கடைசிக் கரித்துண்டைத் தொழிலாளர்கள் நாட்டின் குடியரசுத் தலைவர் ஷ்டைன்மையர் கையில் கொடுத்தார்கள். பலர் கண்ணீரோடு நின்றார்கள். அந்தக் கண்ணீர் விடைபெறும் கண்ணீர். அடுத்த மாதம் அடுப்பெரியுமா என்ற கண்ணீர் அல்ல. அதே ஆண்டு ஸ்பெயின் அரசு தொழிற்சங்கங்களோடு 25 கோடி யூரோவுக்கு ஓர் ஒப்பந்தம் செய்தது. 48 வயதைக் கடந்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு முன்கூட்டிய ஓய்வு. மூடிய சுரங்க நிலத்தைச் சீராக்கும் வேலை அதே ஊர்க்காரர்களுக்கு.

இந்தச் சிந்தனையின் ஊற்றுக்கண் ஒரு தொழிற்சங்கக்காரர். அமெரிக்காவில் எண்ணெய், ரசாயனம், அணுசக்தித் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்தியவர்களில் ஒருவரான டோனி மஸோக்கி. நஞ்சேறிய மண்ணைச் சுத்தப்படுத்த அரசு தனி நிதி வைத்திருக்கிறதே, அப்படி நஞ்சாக்கிய தொழிலில் வேலை இழக்கும் மனிதருக்கு ஏன் ஒரு நிதி இல்லை என்பதே அவர் வாதம். அதிலிருந்து வளர்ந்த சொல்தான் இன்று 'நியாயமான மாற்றம்' என்று 2015-ன் பாரிஸ் ஒப்பந்தத்தின் முகப்புரையில் இருக்கிறது.

நம்மிடமும் பணம் இருந்தது என்பதை இங்கே வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டும். 2010-ல் தூய எரிசக்தியின் பெயரால் ஒரு டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் வரி போட்டார்கள். 2016-ல் அது 400 ரூபாய் ஆனது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது மாநிலங்களுக்கான இழப்பீட்டுக் கணக்கில் அதைச் சேர்த்துவிட்டார்கள். மாநிலங்களுக்கு இழப்பீடு வேண்டியதுதான். ஆனால் அந்த 400 ரூபாயில் ஒரு பத்து ரூபாயையாவது, கரி அள்ளியவரின் பெயரில் ஒதுக்கி வைத்திருக்கலாம். அந்தப் பத்து ரூபாயைக் கோடி டன் கணக்கில் பெருக்கிப் பாருங்கள். ஜார்க்கண்ட் மாநிலம் 2022-ல் நியாயமான மாற்றத்துக்கென்றே ஒரு பணிக்குழு அமைத்தது. அந்த அக்கறை எல்லா மாநிலத்துக்கும் வர வேண்டும்.

எங்கே தொடங்கலாம் என்று என்னைக் கேட்டால், அந்தப் பதினான்கு அட்டைகளிலிருந்து தொடங்கலாம் என்பேன். எந்த நிலையத்தை மூடுவதாக இருந்தாலும், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே உள்ளே வேலை பார்க்கிற ஒவ்வொருவரையும் எண்ண வேண்டும். கான்ட்ராக்டர் யார் என்று பார்க்காமல், எத்தனை ஆண்டாக அந்த கேட் வழியாக வந்து போகிறார் என்று பார்த்து எண்ண வேண்டும். எண்ணப்படாதவருக்கு இழப்பீடும் வராது, பயிற்சியும் வராது. 2015-ல் தொடங்கிய சூரியமித்ரா போன்ற பயிற்சித் திட்டங்களில் மூடப்படும் நிலையத்துப் பிள்ளைகளுக்கு முதல் இடம் கொடுக்கலாம். வேலையும் அதே வட்டாரத்தில் கிடைக்க வேண்டும். தன்பாத்தில் வேலை இழந்தவரிடம் ராஜஸ்தான் பாலைவனத்தில் தகடு மாட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்வது ஆறுதல் ஆகாது. நிலக்கரி கிழக்கே கிடக்கிறது, வெயிலும் காற்றும் மேற்கிலும் தெற்கிலும் கிடக்கின்றன. இதுதான் நம் நாட்டுச் சிக்கலின் முடிச்சு.

நம்பிக்கை தருகிற இடங்களும் உண்டு. திருநெல்வேலி கங்கைகொண்டானில் சூரிய மின்கலமும் தகடும் செய்யும் பெரிய தொழிற்சாலையில் பெரும்பாலோர் பெண்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள். வீட்டுக் கூரைத் தகடுகளை மாட்டுவதற்கு, அதே அளவு திறனைப் பெரிய பண்ணையில் நிறுவுவதைவிடப் பல மடங்கு ஆள் தேவை. ஒவ்வொரு கூரையும் ஒரு தனி வேலை, ஒவ்வொரு தெருவிலும் ஒரு எலக்ட்ரீஷியனுக்குப் பிழைப்பு. நூறு ஊரில் நூறு கூரை என்பது, ஒரே வேலிக்குள் இரண்டாயிரம் ஏக்கர் என்பதைவிடத் தொழிலாளிக்கு நல்லது. கூரைத் திட்டங்களை நான் அதிகம் விரும்புவதற்கு இதுதான் முதல் காரணம்.

ஒரு வேண்டுகோள். அடுத்த இதழ் முதல், மின்சாரம் செய்கிறவர்களின் கடிதங்களுக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். சுரங்கத்தில், அனல் நிலையத்தில், காத்தாடி உச்சியில், தகட்டு வயலில், கம்பத்தின் மேலே வேலை பார்க்கிறவர்கள் எழுதுங்கள். எழுதப் பழக்கமில்லை என்றால் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுங்கள், போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினாலும் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். பெயர் வேண்டாம் என்றால் பெயர் போட மாட்டோம். அந்த இன்லேண்ட் கடிதம் முதல் கடிதமாக முழுமையாக வருகிறது.

அன்று நான் கிளம்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவரும் வேலைக்குக் கிளம்பினார். இரண்டு மைல் தள்ளி ஒரு சூரியப் பண்ணையில் இப்போது இரவுக் காவல். தாமிர வயரைத் திருடிப் போய்விடுகிறார்களாம். டார்ச்சையும் சாப்பாட்டுத் தூக்கையும் சைக்கிளில் மாட்டினார். சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பதினைந்தாவது. சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது என்றார். கான்ட்ராக்டர் மார்ச்சில் மாறுகிறாராம்.

அன்புடன்,
ஆசிரியர்